காலனிக் கால அமெரிக்காவில் குடும்ப நிலத்தை வாங்குவதும் விற்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் வாங்குகிறவரின் கவலையெல்லாம், பிற்காலத்தில் ‘எனக்கும் இதில் பங்கு உண்டு’ என்று யார் வந்து நிற்பாரோ என்பதுதான். 1607-இல் ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் தொடங்கியதிலிருந்து 1776-இல் சுதந்திரப் பிரகடனம் வெளியாகும் வரை, வட அமெரிக்காவின் ஆங்கிலக் காலனிகளில் எழுதப்பட்ட நிலப் பத்திரங்களையும் அந்தக் கவலையோடு படித்தால்தான் அவற்றின் நீண்ட வாசகங்கள் விளங்கும். அரசர், விதவை, மூத்த மகன், பக்கத்து நிலக்காரர், கடன் கொடுத்தவர், அந்த மண்ணில் முன்பே வாழ்ந்தவர் என்று உரிமை கோரக்கூடியவர்கள் பலர். அவர்களில் யாருடைய உரிமையைச் சட்டம் மதித்தது, யாருடையதை மதிக்கவில்லை என்பதைக் கீழ்வரும் பதில்களில் காணலாம்.

ஒரு குடும்பத்துக்கு முதன்முதலில் நிலம் எப்படிக் கிடைத்தது?

இது காலனிக்குக் காலனி வேறுபட்டது. வர்ஜீனியாவில் 1618 முதல் ‘ஹெட்ரைட்’ என்ற தலைக்கணக்கு முறை இருந்தது. கடல் கடந்து வரும் ஒவ்வொரு ஆளுக்கும் 50 ஏக்கர் என்று கணக்கிட்டு, அந்த ஆளின் கப்பல் கட்டணத்தைச் செலுத்தியவருக்கு நிலம் கொடுத்தார்கள். இதனால், வந்து உழைத்த வேலையாளைவிட அவரை வரவழைத்த பண்ணையாரே நிலக்காரர் ஆனார். ஒரே ஆளைக் காட்டிக் கப்பல் தலைவர் ஒரு பக்கமும் வணிகர் இன்னொரு பக்கமும் தனித்தனியாக நிலம் கோரிய மோசடிகளும் நடந்தன.

பென்சில்வேனியாவின் கதை வேறு. தம் தந்தைக்கு அரச குடும்பம் தர வேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக 1681-இல் வில்லியம் பென் அந்தக் காலனியையே பெற்றார். பிறகு 5,000 ஏக்கருக்கு 100 பவுண்டு என்று விலை வைத்து விற்றார். வாங்க விரும்புபவர் முதலில் வாரன்ட் என்ற உத்தரவைப் பெற வேண்டும். அடுத்து நிலத்தை அளக்க வேண்டும். கடைசியாகத்தான் பட்டயம் கைக்கு வரும். மாசசூசெட்ஸ் போன்ற வட காலனிகளில் ஊர் மொத்தத்துக்கும் நிலம் ஒதுக்கப்பட்டு, ஊரார் அதைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

பட்டயம் கையில் இருந்தால் நிலம் முழுமையாகச் சொந்தமா?

இல்லை. நிலத்தின் மூல உரிமை அரசருடையது, அல்லது அவரிடமிருந்து காலனியைப் பெற்ற பிரபுவுடையது என்பதே சட்டத்தின் அடிப்படை. வர்ஜீனியாவில் 100 ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் ‘க்விட்ரென்ட்’ என்ற நிலக் கட்டணம் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் அங்கே வீடு கட்டிப் பயிர் செய்யாவிட்டால், வேறொருவர் அதே நிலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலம் மேலிடத்துக்கே திரும்பிவிடும். இதற்கு ‘எஸ்சீட்’ என்று பெயர்.

இந்தக் கடைசி விதி எவ்வளவு அநியாயமாகப் பயன்பட்டது என்பதை அந்தோனி ஜான்சனின் குடும்பத்துக்கு நேர்ந்ததிலிருந்து அறியலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அவர், பிறகு சுதந்திர மனிதராகி, 1651-இல் ஐந்து ஆள் கணக்கில் 250 ஏக்கர் நிலம் பெற்றார். பின்னர் குடும்பத்தோடு மேரிலாந்துக்குப் பெயர்ந்தார். 1670-இல் அவர் இறந்த பின், வர்ஜீனியாவில் அவர் விட்டுச்சென்ற நிலத்தைப் பற்றி விசாரித்த ஜூரி, அவர் கறுப்பர், ஆகவே அந்நியர் என்று சொல்லி, நிலம் அரசுக்கே சேரும் எனத் தீர்த்தது. அவருக்கு மனைவியும் மக்களும் இருந்தார்கள். நிலம் கொடுக்கும்போது தடையாக இல்லாத நிறம், அது வாரிசுகளுக்குப் போகும்போது தடையாக்கப்பட்டது.

கிரயம் எவ்வாறு முடிக்கப்பட்டது?

பழைய ஆங்கில வழக்கப்படி, விற்பவரும் வாங்குபவரும் நிலத்துக்கே போய் நிற்க வேண்டும். விற்பவர் ஒரு பிடி மண்ணையும் ஒரு மரக்கிளையையும் எடுத்துச் சாட்சிகள் முன்னிலையில் வாங்குபவரின் கையில் கொடுப்பார். எழுத்தைவிட இந்தச் சடங்கே உரிமை மாறியதற்கு அடையாளம். காலனிகளின் தொடக்க ஆண்டுகளில் இது நடந்ததற்குப் பதிவுகள் உண்டு.

நிலம் தொலைவில் இருந்தால் இது வசதிப்படாது. ஆகவே வழக்கறிஞர்கள் இரண்டு பத்திர முறையைக் கையாண்டார்கள். முதல் நாள், வாங்குபவருக்கு ஓராண்டுக் குத்தகை எழுதப்படும். அதற்கு 5 ஷில்லிங் பணமும், ஆண்டு முடிவில் கேட்டால் ஒரே ஒரு மிளகு வாடகையும் என்று எழுதுவார்கள். குத்தகைக்காரராகிவிட்டதால் நிலம் அவர் வசம் இருப்பதாகச் சட்டம் கருதும். மறுநாள், மிச்சமிருக்கும் உரிமை அனைத்தையும் அவருக்கே விட்டுக்கொடுக்கும் இரண்டாவது பத்திரம் எழுதப்படும். உண்மையான விலை அதில்தான் இருக்கும். முதல் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு, இத்தனை ஏக்கரை 5 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டார்களே என்று வியப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தைவிடக் காலனிகள் முந்திக்கொண்ட ஒரு விஷயமும் உண்டு. மாசசூசெட்ஸ் 1640-இலேயே, நிலப் பரிமாற்றத்தைப் பொதுப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் செய்தது. அடுத்து வாங்குபவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே வில்லங்கம் உண்டா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. அண்டை வீட்டாரை நம்பியே வாழ்ந்த சிறு ஊர்களில், இந்தப் புத்தகம் எத்தனையோ குடும்பச் சண்டைகளைத் தடுத்திருக்க வேண்டும்.

எல்லைகளை எப்படிக் குறித்தார்கள்?

மரம், பாறை, ஓடை ஆகியவற்றை வைத்தே குறித்தார்கள். ‘ஓடையின் முகத்தில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை பாகை சாய்வில், இத்தனை போல் தூரம் போய், ஒரு ஹிக்கரி மரத்தை அடைந்து’ என்ற பாணியில் பத்திரம் நீண்டு, புறப்பட்ட மரத்துக்கே திரும்பி வந்து முடியும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. அளப்பதற்குப் பயன்பட்டது எட்மண்ட் கன்டர் வகுத்த 66 அடிச் சங்கிலி. அதில் 100 கண்ணிகள், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் ஊர் நில ஆவணங்களில் இன்றும் காணும் ‘லிங்க்ஸ்’ இதே சங்கிலியின் கண்ணிதான்.

மரம் விழுந்துவிட்டால் என்ன செய்வது? வர்ஜீனியாவில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, திருச்சபை வட்டத்தின் நிர்வாகக் குழு ஆட்களை நியமிக்கும். அண்டை நிலக்காரர்கள் அவர்களோடு சேர்ந்து எல்லையைச் சுற்றி நடந்து, தேய்ந்த வெட்டுக்குறிகளை மரங்களில் புதிதாக வெட்டுவார்கள். சிறுவர்களாக அதில் நடந்தவர்கள், முதுமையில் நீதிமன்றத்துக்கு வந்து அந்த மரம் நின்ற இடத்துக்குச் சாட்சி சொன்னார்கள். ஒரே எல்லை மூன்று முறை எதிர்ப்பின்றிச் சுற்றப்பட்டுவிட்டால், அதற்கு மேல் அதை மாற்ற முடியாது.

கணவர் பெயரில் இருக்கும் நிலத்தை விற்க மனைவியின் சம்மதம் எதற்கு?

மணமான பெண்ணின் சட்ட உரிமைகள் பெரும்பாலும் கணவருக்குள் அடங்கிப்போன காலம் அது. அவள் தனியாக ஒப்பந்தம் செய்ய முடியாது. கொண்டுவந்த பணமும் பொருளும் கணவருடையவை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கென்று இருந்தது. மணவாழ்வின் போது கணவர் வைத்திருந்த நிலங்களில் மூன்றில் ஒரு பங்கை, அவர் இறந்த பின் தன் ஆயுள் முழுவதும் அவள் அனுபவிக்கலாம். ‘டவர்’ எனப்பட்ட இந்த விதவைப் பங்கு, கணவர் இடையில் நிலத்தை விற்றுவிட்டாலும் அழியாது. மனைவி சம்மதிக்காமல் வாங்கிய நிலத்துக்கு, இருபது ஆண்டுகள் கழித்து ஒரு விதவை வந்து மூன்றில் ஒரு பங்கு கேட்கலாம். சட்டம் அவள் பக்கமே நிற்கும்.

அதனால்தான் பல காலனிகளில், மனைவியைத் தனியே அழைத்துக் கேட்கும் வழக்கம் வந்தது. நீதிபதி கணவரை வெளியே நிறுத்திவிட்டு, இந்த விற்பனைக்கு அவள் தன் மனமுவந்து சம்மதிக்கிறாளா, கணவரின் மிரட்டலோ வற்புறுத்தலோ உண்டா என்று கேட்பார். நீதிமன்றத்துக்கு வர முடியாதவளிடம் உள்ளூர் நீதிபதிகளே வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதி அனுப்பினார்கள். எழுதத் தெரியாத பெண் ஒரு கீறல் போட்டாள். மிரட்டிக் கூட்டி வரப்பட்டவள் அந்தச் சில நிமிடங்களில் உண்மையைச் சொல்லியிருப்பாளா என்பது நியாயமான சந்தேகம்தான்; ஆயினும் அவளுடைய சொல்லைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை சிறிய விஷயமல்ல.

1760 பிப்ரவரியில் ஜார்ஜ் வாஷிங்டனே இதில் மாட்டிக்கொண்டார். அண்டை நிலக்காரரான வில்லியம் கிளிஃப்டனோடு பேசி முடித்த பேரம் முறிந்தது. மனைவி தன் டவர் உரிமையை விட்டுத்தரச் சம்மதிக்கவில்லை என்று கிளிஃப்டன் காரணம் சொன்னார். அது வெறும் சாக்கு என்று வாஷிங்டன் கோபத்தோடு தம் நாட்குறிப்பில் எழுதினார். பிறகு அதே ஆண்டில் நிலம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும், நாட்குறிப்பில் பெயர்கூடக் குறிக்கப்படாத ஒரு பெண்ணின் மறுப்பு, உண்மையாயினும் சாக்காயினும், பேரத்தை நிறுத்தப் போதுமானதாக இருந்தது.

பெண்கள் தங்கள் பெயரிலேயே நிலம் வைத்திருக்க முடியவில்லையா?

மணமாகாத பெண்ணும் விதவையும் வைத்திருக்கலாம், விற்கலாம். 1638-இல் மேரிலாந்துக்கு வந்த மார்கரெட் பிரென்ட், சகோதரி மேரியோடு சேர்ந்து சொந்தப் பெயரில் நிலம் பெற்றார். கடைசி வரை மணந்துகொள்ளவில்லை.

தந்தை உயில் எழுதாமல் இறந்தால் நிலம் யாருக்கு?

வர்ஜீனியா, நியூயார்க் போன்ற இடங்களில் இங்கிலாந்தின் வழக்கப்படி மூத்த மகனுக்கே எல்லா நிலமும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், பென்சில்வேனியா ஆகியவற்றில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு; மூத்த மகனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. காட்டை வெட்டிக் கழனியாக்க எல்லாப் பிள்ளைகளும் உழைத்தார்கள் என்பதால் இதுவே நியாயம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இதை எதிர்த்து ஒரு பெரிய வழக்கு நடந்தது. கனெக்டிகட்டில் வின்த்ராப் குடும்பத்துத் தந்தை 1717-இல் உயில் எழுதாமல் இறந்தார். மகன் ஜான் முழு நிலத்தையும் கோரினார். லெக்மியர் என்பவரை மணந்திருந்த சகோதரி ஆன் தன் பங்கைக் கேட்டார். காலனியின் நீதிமன்றங்களில் தோற்ற ஜான் லண்டனுக்கே போனார். 1728-இல், காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த அரசரின் ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, கனெக்டிகட்டின் வாரிசுச் சட்டமே செல்லாது என்றது. (1868-இல் ராமநாதபுரம் ஜமீனின் தத்தெடுப்பு வழக்கைத் தீர்த்ததும் இதே பிரிவி கவுன்சில்தான்.) அந்தச் சட்டத்தை நம்பிப் பாகம் பிரித்து வாழ்ந்த குடும்பங்களும், அவர்களிடம் நிலம் வாங்கியவர்களும் அடைந்த கலக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். 1745-இல் முடிந்த வேறொரு வழக்கில் காலனியின் முறைக்கு வெற்றி கிடைத்த பிறகே கலக்கம் தீர்ந்தது.

உயில்களில் விதவைக்கு அறையும் அடுப்பும் எழுதி வைத்தார்களே, ஏன்?

வீடும் நிலமும் மகனுக்குப் போய்விட்டால், தாய் அவன் தயவில் வாழ வேண்டிவரும். இதை முன்கூட்டியே எண்ணிய தந்தையர், எந்த அறை தாய்க்கு உரியது, ரொட்டி சுடும் அடுப்பையும் கிணற்றையும் அவள் எந்த வழியாகப் போய்ப் பயன்படுத்தலாம், ஆண்டுக்கு எத்தனை புஷல் தானியமும் எவ்வளவு விறகும் மகன் தர வேண்டும், அவளுடைய பசு எங்கே மேயலாம் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். உயிரோடு இருக்கும்போதே ‘அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு’ மகனுக்கு நிலம் எழுதிக் கொடுத்தவர்களும், தம் பராமரிப்பை நிபந்தனையாக்கினார்கள். நிலத்தை வாங்க வந்த அயலார் இந்த நிபந்தனைகளையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. கூடத்து அறையில் ஒரு மூதாட்டி ஆயுள் உரிமையோடு இருக்கும் வீட்டுக்கு விலை குறைவதும் இயல்பே.

விற்கவே முடியாத குடும்ப நிலமும் இருந்ததா?

இருந்தது. ‘என்டெயில்’ என்ற கட்டின்படி, நிலத்தை இப்போது வைத்திருப்பவர் அதை ஆயுள் வரை அனுபவிக்கலாமே தவிர விற்க முடியாது. அது வழிவழியாக வாரிசுக்கே போக வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் கட்டை நீதிமன்றத்தில் ஒரு பாவனை வழக்கு நடத்தி அவிழ்த்துவிடலாம். வர்ஜீனியாவோ 1705-இல் அந்த வழியை அடைத்து, ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்றது. சிறு நிலங்களுக்கு மட்டும் 1734-இல் எளிய வழி திறக்கப்பட்டது. இந்தக் கட்டை முற்றாக நீக்கும் சட்டத்தை 1776-இல் கொண்டுவந்தவர் தாமஸ் ஜெஃபர்சன்.

1732-இல் பட்டயம் பெற்ற ஜார்ஜியாவில் நிலைமை இன்னும் கடுமை. ஏழைக் குடியேறியவருக்கு 50 ஏக்கர் கொடுத்த அறங்காவலர்கள், அது ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும், விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று விதித்தார்கள். மகள்கள் மட்டுமே உள்ளவர்கள், தாங்கள் திருத்திய நிலம் தம் பிள்ளைகளுக்கு இல்லையா என்று முறையிட்டார்கள். விதி படிப்படியாகத் தளர்ந்து, 1750-இல் முழு உரிமை அளிக்கப்பட்டது.

ஒரே குடும்பத்துக்குள் நிலம் எப்படிக் கைமாறியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டா?

ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனையே எடுத்துக்கொள்ளலாம். 1674-இல் ஜான் வாஷிங்டனும் நிக்கலஸ் ஸ்பென்சரும் சேர்ந்து போட்டோமாக் ஆற்றங்கரையில் 5,000 ஏக்கர் பெற்றார்கள். அது பின்னர் இரு குடும்பங்களுக்கும் பாதியாகப் பிரிக்கப்பட்டது. வாஷிங்டன் குடும்பத்தின் பாதி, ஜானின் பேத்தி மில்ட்ரெட்டுக்கு வந்தது. 1726-இல் அவரும் கணவர் ரோஜர் கிரிகரியும் அதை 180 பவுண்டுக்கு மில்ட்ரெட்டின் சகோதரர் அகஸ்டினுக்கு விற்றார்கள். அகஸ்டினிடமிருந்து அது மூத்த தாரத்து மகன் லாரன்ஸுக்குப் போனது.

1752-இல் லாரன்ஸ் இறந்தபோது, மனைவி ஆனுக்கு ஆயுள் உரிமை. மகள் பிள்ளையில்லாமல் இறந்தால் நிலம் தம்பி ஜார்ஜுக்கு என்று ஏற்பாடு. மகள் 1754-இல் இறந்தாள். மறுமணம் செய்துகொண்ட அண்ணியார் உயிரோடு இருந்ததால், ஜார்ஜ் அந்த இடத்தில் ஆண்டுக்கு 15,000 ராத்தல் புகையிலை வாடகைக்குக் குத்தகைதாரராகவே குடியிருந்தார். 1761-இல் அண்ணியார் இறந்த பிறகே நிலம் அவருடையதாயிற்று. தமக்குப் பதினொரு வயதானபோது தந்தை இறந்து விட்டுச்சென்ற ஃபெர்ரி ஃபார்ம் பண்ணையை, தாயார் அங்கிருந்து குடிபெயர்ந்த பின், 1774-இல் ஹியூ மெர்சர் என்ற மருத்துவருக்கு 2,000 பவுண்டுக்கு விற்றார்.

கடனுக்காகக் குடும்ப நிலத்தை எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் சாதாரணக் கடன்களிலிருந்து நிலத்துக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. பிரிட்டிஷ் வணிகர்களின் வற்புறுத்தலால் 1732-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், காலனிகளில் மட்டும் கடனாளியின் நிலத்தையும் அவருடைய அடிமைகளையும் மற்றப் பொருள்களைப் போலவே ஏலத்துக்கு உட்படுத்தியது.

நிலத்தோடு மனிதர்களும் விற்கப்பட்டார்களா?

ஆம். வர்ஜீனியாவின் 1705-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைப்பட்ட மனிதர்களை வாரிசுரிமை விஷயத்தில் நிலத்தைப் போன்ற சொத்தாக வகுத்தது. 1727-இல் அவர்களை நிலத்தோடு சேர்த்து என்டெயில் கட்டில் வைக்கவும் அனுமதி கிடைத்தது. பாகப்பிரிவினை என்ற சொல் இங்கே கொடிய பொருள் கொள்கிறது. ஒரு பண்ணையாரின் மரணத்துக்குப் பின் வாரிசுகள் பங்கு பிரிக்கும்போது, தாய் ஒருவர் பங்கிலும் பிள்ளை இன்னொருவர் பங்கிலும் விழக்கூடும்.

மார்த்தா வாஷிங்டனின் முதல் கணவர் 1757-இல் உயில் எழுதாமல் இறந்ததால், அவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மார்த்தாவுக்கு ஆயுள் உரிமையாக வந்தது. அதில் மனிதர்களும் அடக்கம். 1799-இல் மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளில் 153 பேர் இந்த வழியில் வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். வாஷிங்டன் தம் உயிலில் தம்முடையவர்களுக்கு விடுதலை எழுதினார். இவர்களுக்கு எழுதச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. ஒரு விதவையைக் காப்பாற்ற எழுந்த விதியே வேறு பல குடும்பங்களை அடிமைத்தனத்தில் பூட்டி வைத்தது.

பழைய பத்திரத்தில் தேதியைப் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25 அன்றே பிறந்தது. ஆகவே 1731 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி. சிலர் 1731/32 என்று இரண்டையும் எழுதினார்கள். இதைக் கவனிக்காவிட்டால், உயில் எழுதுவதற்கு முன்பே ஒருவர் இறந்துவிட்டதாகத் தோன்றும்.

பூர்வகுடிகளிடமிருந்து நிலம் வாங்கப்பட்டதா, பறிக்கப்பட்டதா?

இரண்டும் நடந்தன, பல நேரங்களில் வாங்கியதாக எழுதிய பத்திரமே பறிப்பதற்குக் கருவியானது. ஒரு நிலத்தில் வேட்டையாடவும் பயிரிடவும் பிறரோடு பகிர்ந்துகொள்ள இசைந்தவர்கள், அதிலிருந்து தாங்களே விலக்கப்படுவோம் என்று நினைக்கவில்லை. மாசசூசெட்ஸ் 1634 முதல், அரசின் அனுமதியின்றித் தனியார் அவர்களிடம் வாங்குவதைத் தடை செய்தது. இது அவர்களுக்கு ஓரளவு காவலாகவும், அதே சமயம் வாங்கும் உரிமையை அரசிடமே குவிப்பதாகவும் இருந்தது.

பென்சில்வேனியாவில் 1737-இல் நடந்தது மறக்கக் கூடாதது. ஒரு மனிதர் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை லெனாபே மக்கள் நிலம் கொடுத்ததாகச் சொல்லும் பழைய ஆவணம் ஒன்றை வில்லியம் பென்னின் மகன்கள் காட்டினார்கள். முன்கூட்டியே காட்டில் பாதை வெட்டி வைத்து, வேகமாக நடக்கக்கூடிய மூவரை அமர்த்தினார்கள். செப்டம்பர் மாதத்தில் ரைட்ஸ்டவுனிலிருந்து புறப்பட்டவர்களில் எட்வர்ட் மார்ஷல் மட்டுமே கடைசி வரை தாக்குப்பிடித்து, 60 மைலுக்கும் மேல் கடந்தார். உடன் சென்ற லெனாபேக்கள், நடக்காமல் ஓடுகிறீர்களே என்று முறையிட்டு இடையிலேயே விலகினார்கள். அந்த நடையைக் கொண்டு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் கைப்பற்றப்பட்டது. 1756-இல் ஈஸ்டன் நகரில் நடந்த பேச்சில், தம் மக்கள் ஏமாற்றப்பட்டதாக லெனாபே தலைவர் டீடியஸ்கங் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார், நிலம் திரும்பவில்லை.

அவர்களுடைய வழித்தோன்றல்களான டெலவேர் நேஷன், அந்த நிலப்பரப்பில் 315 ஏக்கரை மட்டும் கேட்டு 2004-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மோசடி நடந்திருந்தாலும் அவர்களுடைய உரிமை அன்றே முடிந்துவிட்டது, அந்தச் செயலின் நியாயத்தை நீதிமன்றம் ஆராய முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. 2006-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு வந்தது. அந்த ஆண்டு இறுதியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்துவிட்டது.